துப்பாக்கிக் கடை அத்தியாவசியக் கடையா?



சென்ற வாரம் நமது கருத்தரங்கு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் எது அத்தியாவசியம், எது இல்லை என்று யார் முடிவு செய்தார்கள், எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் அன்றைய தலைப்பு. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் முடிதிருத்தும் கடையில் வந்து நின்றது. நம் நாட்டில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஏப்ரல் மாதத்தில் முடிதிருத்தும் கடைகளை நிபந்தனையோடு திறக்கலாம் என்று அறிவித்தார்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. "ஓர் அடி தூரத்தில் நின்று முடி வெட்ட முடியுமா, கிருமி பரவாதா?" என்று கடைக்காரர்களே கேட்டார்கள். சில நாட்களில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொழிலில் நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு தனி நிகழ்ச்சியே செய்யலாம்.

இந்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஐயா தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, நம்ம நாட்டில முடி வெட்டுற கடைக்கே இவ்வளவு வாதம் நடந்துச்சு. அமெரிக்காவில அப்போ துப்பாக்கிக் கடைய திறந்து வெச்சிருந்தாங்களாமே, உண்மையா? நாம அரிசிக்கும் ரொட்டிக்கும் வரிசையில நின்ன மாதிரி அவங்க துப்பாக்கிக்கு நின்னாங்களா?" என்று கேட்டார்.

அரங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடம்தான் இருந்தது. "உண்மைதான் ஐயா" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். ஆனால் அது இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல. சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வியும் அல்ல. அன்று நேரமில்லாமல் விட்டதை இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச் 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இரண்டு நாள் கழித்து அமெரிக்காவில் தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த வார இறுதியிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் துப்பாக்கிக் கடைகளின் வாசலில் வரிசை கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கழிப்பறைக் காகிதத்துக்கு ஒரு வரிசை, துப்பாக்கிக்கு ஒரு வரிசை. தோட்டாக்கள் இருந்த அலமாரிகள் பல கடைகளில் காலியாயின. ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று அளவு வைத்துக்கூட விற்றார்கள்.

இதை எப்படி எண்ணிக்கையில் அறிவது? அமெரிக்காவில் மொத்தம் எத்தனை துப்பாக்கிகள் விற்கின்றன என்று கணக்கு வைக்கும் தேசியப் பதிவேடு கிடையாது. ஆனால் உரிமம் பெற்ற கடைக்காரர் யாருக்கு விற்றாலும் அதற்கு முன் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைகளின் எண்ணிக்கையை எஃப்.பி.ஐ. மாதந்தோறும் வெளியிடுகிறது. 2019 மார்ச் மாதம் சுமார் 26 லட்சம் சோதனைகள் நடந்தன. 2020 மார்ச்சில் 37 லட்சத்தைத் தாண்டியது. மார்ச் 20-ஆம் தேதி ஒரே நாளில் 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் அதிகம். அதற்கு முன் எந்த ஒரு நாளிலும் அவ்வளவு சோதனைகள் நடந்ததில்லை.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஒரு சோதனை என்றால் ஒரு துப்பாக்கி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே சோதனையில் ஒருவர் இரண்டு மூன்று துப்பாக்கிகள் வாங்கலாம். துப்பாக்கி ஏந்தும் உரிமத்தைப் புதுப்பிக்கவும் சோதனை நடக்கும். அதில் விற்பனையே இருக்காது. 2020 முழுவதும் 3 கோடியே 97 லட்சம் சோதனைகள் நடந்தன. ஆனால் இப்படிப்பட்ட கணக்குகளைக் கழித்துவிட்டுத் துப்பாக்கி வணிகர்களின் சங்கம் போட்ட மதிப்பீடு சுமார் 2 கோடியே 10 லட்சம் விற்பனை. பெரிய எண்ணைப் போட்டால் தலைப்பு பரபரப்பாக இருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சிறிய எண்ணே போதுமான அளவுக்குப் பெரியது.

நம் வாசகர்கள் பலருக்கு அமெரிக்காவில் துப்பாக்கி எப்படி விற்கிறார்கள் என்பதே வியப்பாக இருக்கும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. சுடும் ஆயுதக் குற்றங்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையானது. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியை நேரில் பார்த்தது வங்கி வாசலில் நிற்கும் பாதுகாவலரின் தோளில்தான். அமெரிக்காவில் அது கடைச் சரக்கு. தனிக் கடைகளும் உண்டு. விளையாட்டுப் பொருள், மீன்பிடிச் சாமான் விற்கும் பெரிய கடைகளும் உண்டு. வால்மார்ட் என்ற பேரங்காடியின் அமெரிக்கக் கிளைகளில் ஏறக்குறைய பாதியில் வேட்டைத் துப்பாக்கிகள் விற்கப்பட்டு வந்தன. ஒரு பக்கம் பால் டின், பாம்பர்ஸ். இன்னொரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி.

வாங்கும் முறை இதுதான். வாங்குபவர் படம் உள்ள அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். கடும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரா? போதைப்பொருள் பயன்படுத்துபவரா? குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உள்ளவரா? மனநலக் காப்பகத்தில் சட்டப்படி சேர்க்கப்பட்டவரா? இப்படிப் பல கேள்விகள். நம் பிள்ளைகளைப் போல் மாணவர் விசாவில் போனவர்களுக்கு, மிகச் சில விலக்குகள் தவிர, அனுமதியே இல்லை. உரிமம் பெற்ற கடையில் நீண்ட துப்பாக்கிக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவம் நிரம்பியதும் கடைக்காரர் சோதனை மையத்தைத் தொடர்பு கொள்வார். பெரும்பாலான நேரம் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். "கொடுக்கலாம்", "பொறுங்கள்", "கூடாது" இந்த மூன்றில் ஒன்று.

இந்தச் சோதனை முறைக்கு ஒரு கதை உண்டு. 1981-இல் அதிபர் ரேகனைச் சுட முயன்றபோது அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டடி பட்டு வாழ்நாள் முழுக்க உடல் ஊனமுற்றார். அவரும் அவர் மனைவியும் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1993-இல் பிரேடி சட்டம் வந்தது. 1998 நவம்பர் இறுதியில் இந்த உடனடிச் சோதனை முறை தொடங்கியது.

இனி ஐயா கேட்ட கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஊரடங்கில் கடைகளை மூடச் சொன்னபோது இந்தக் கடைகளை என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ஊரடங்கை வாஷிங்டன் அறிவிக்கவில்லை. மாநில ஆளுநர்கள் தனித்தனியாக முடிவெடுத்தார்கள். சில இடங்களில் மாவட்ட அதிகாரியே முடிவெடுத்தார். அதனால் ஒரே வாரத்தில் ஒரே கேள்விக்கு ஐம்பது விதமான பதில் வந்தது. டெக்சாஸில் துப்பாக்கிக் கடையை மூட நகராட்சிகளுக்கு அதிகாரமே இல்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். நியூ ஜெர்சியில் மார்ச் 21 ஆணையின்படி மூடினார்கள். பென்சில்வேனியாவில் மூடியதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. ஆனால் நீதிபதிகளில் சிலர் மாறுபட்ட கருத்தை எழுதினார்கள். அதன் பிறகு ஆளுநரே இறங்கி வந்து, முன்பதிவு செய்து ஒருவர் ஒருவராக வந்து வாங்கலாம் என்று தளர்த்தினார்.

கலிபோர்னியாவில் நடந்ததுதான் பெரிய குழப்பம். மார்ச் 19-ஆம் தேதி மாநிலம் முழுவதும் வீட்டிலிருக்கும் ஆணை. துப்பாக்கிக் கடைகளைப் பற்றி ஆளுநர் முடிவெடுக்காமல் மாவட்ட ஷெரிப்புகளின் பொறுப்பில் விட்டுவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஷெரிப் மூடச் சொன்னார். பக்கத்து மாவட்டத்தில் கடை திறந்திருக்கும், இங்கே மூடியிருக்கும். துப்பாக்கி உரிமைச் சங்கங்கள் நீதிமன்றம் போயின.

மார்ச் 28-ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள ஓர் அமைப்பு, அத்தியாவசியத் தொழிலாளர்களின் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. மருத்துவமனை, மின்சாரம், உணவு என்று நீளும் அந்தப் பட்டியலில் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பவர்களும் விற்பவர்களும், துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் கூடங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அது வெறும் ஆலோசனைதான். மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் இரண்டே நாளில், மார்ச் 30-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஷெரிப் தம் உத்தரவை விலக்கிக்கொண்டார். நியூ ஜெர்சி ஆளுநரும் கடைகளைத் திறக்க அனுமதித்தார். மசாசுசெட்ஸ் மாநிலம் மார்ச் கடைசியில் துப்பாக்கிக் கடைகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்து, அதே நாளில் நீக்கிவிட்டது! அங்கே மே மாதம் 7-ஆம் தேதி ஒரு கூட்டாட்சி நீதிபதி திறக்கச் சொல்லும் வரை கடைகள் மூடியே இருந்தன.

ஏன் இவ்வளவு சண்டை? நமக்கு இது விளங்க வேண்டுமானால் 1791-இல் நிறைவேறிய அவர்களுடைய அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை நினைவில் வைக்க வேண்டும். ஆயுதம் வைத்திருப்பது அங்கே குடிமகனின் உரிமை. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வைத்திருக்க உரிமை உண்டு, ஆனால் வாங்கக் கடை இல்லை என்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். இது அர்த்தமற்ற கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். செய்தித்தாள் படிக்க உரிமை உண்டு, ஆனால் விற்பதற்குத் தடை என்றால் நான் சும்மா இருப்பேனா?

மறுபக்கத்தில் ஆளுநர்களின் வாதம் எளிது. கோயிலை மூடினோம், பள்ளியை மூடினோம், திருமணத்தை நிறுத்தினோம், இறுதிச் சடங்குக்கே பத்துப் பேர் என்று சொன்னோம். எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தும் ஆணையில் ஒரு கடைக்கு மட்டும் எப்படி விலக்குத் தருவது? தொற்று நோய்க்கு வணிகத்தின் பெயர் தெரியாதே!

இந்த வழக்குகள் ஊரடங்கு முடிந்த பிறகும் முடியவில்லை. கலிபோர்னியாவின் வெஞ்சுரா மாவட்டத்தில் கடைகள் 48 நாட்கள் மூடியிருந்தன. அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று மூன்று நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு அமர்வு 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி வழக்கு மறுபடி கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

கடை திறந்திருந்தால் மட்டும் போதுமா? இடைவெளி வேண்டுமே. ஏப்ரல் 10-ஆம் தேதி துப்பாக்கி வணிகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. கடைக்காரர் தம் கட்டடத்தின் ஜன்னல் வழியாகவோ, கடைக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடத்திலோ படிவத்தை வாங்கி விற்பனையை முடிக்கலாம். காரில் உட்கார்ந்தபடியே பர்கர் வாங்குவது போல, என்று சொன்னால் நீங்கள் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பின்னணிச் சோதனை மட்டும் வழக்கம்போல் நடந்தாக வேண்டும்.

அந்தச் சோதனையில்தான் எனக்குக் கவலை. "பொறுங்கள்" என்று பதில் வந்தால் என்ன ஆகும்? அதிகாரிகள் வாங்குபவரின் பழைய வழக்கு விவரங்களைத் தேடி உள்ளூர் நீதிமன்றத்தையும் போலீஸ் நிலையத்தையும் கேட்க வேண்டும். அதற்குக் கூட்டாட்சிச் சட்டம் தரும் கால அவகாசம் மூன்று வேலை நாட்கள். அதற்குள் முடிவு வராவிட்டால், மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில், கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்தால் குற்றமும் இல்லை. 2015-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் இந்த ஓட்டையின் வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். அவனுடைய பழைய வழக்கை அதிகாரி உரிய நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை என்று எஃப்.பி.ஐ. தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இப்போது 2020 மார்ச்சை எண்ணிப் பாருங்கள். நீதிமன்ற அலுவலகங்கள் பலவும் குறைந்த ஆட்களோடு இயங்கின. அதே வாரத்தில் சோதனைகள் 12 லட்சத்தை நெருங்கின. கூட்டம் கூடியது, கோப்பைத் தேடும் கைகள் குறைந்தன, மூன்று நாள் கெடு மட்டும் மாறவில்லை. கடை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நாடே விவாதித்தது. கடைக்குப் பின்னால் இருந்த இந்தச் சல்லடையைப் பற்றி விவாதித்தவர்கள் குறைவு. ஆனாலும் சல்லடை வேலை செய்யாமல் இல்லை. 2020-இல் வாங்க வந்தவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதனையில் நிராகரிக்கப்பட்டார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. இரண்டு ஆண்டு கழித்து, 2022 ஜூனில் வந்த புதிய சட்டம் 21 வயதுக்கு உட்பட்டவர்கள் வாங்கும்போது மட்டும் இந்தக் கெடுவைப் பத்து வேலை நாட்கள் வரை நீட்டிக்க வழி செய்தது. மற்றவர்களுக்கு அதே மூன்று நாள்தான்.

சரி, யார் வாங்கினார்கள்? தாடி வைத்து, வேட்டைக்குப் போகிற கிராமத்து வெள்ளைக்காரர் என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கும், ஆங்கிலப் படங்கள் பார்த்த பழக்கம். ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஒரு தேசிய ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். இன்னொரு ஐந்தில் ஒருவர் ஸ்பானிய மரபினர்.

அந்த வரிசையில் நம் பக்கத்து முகங்களும் இருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில் சீனக் குடும்பங்கள் அதிகம். கிருமியை இவர்கள்தான் கொண்டு வந்தார்கள் என்று யாராவது தாக்குவார்களோ என்ற பயத்தில் அங்கே ஆசிய மக்கள் கூட்டமாகத் துப்பாக்கி வாங்கினார்கள். அந்தப் பயம் கற்பனையும் அல்ல. பேருந்திலும் கடைத் தெருவிலும் ஆசிய முகம் கொண்டவர்கள் மேல் எச்சில் துப்பியதும் வயதானவர்களைத் தள்ளிவிட்டதும் அந்த ஆண்டில் செய்தியாக வந்துகொண்டே இருந்தன.

பயத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. பிலடெல்பியா போன்ற நகரங்களில் போலீசார் சிறு குற்றங்களுக்கு உடனே கைது செய்வதை ஒத்திவைத்தார்கள். கிருமி பரவாமலிருக்கச் சிறைகளிலிருந்து சிலரை விடுவித்தார்கள். "அழைத்தால் போலீஸ் வருமா?" என்ற கேள்வி சாதாரணக் குடும்பங்களில் எழுந்தது. மே 25-ஆம் தேதி மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தார். நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள். ஜூன் மாதச் சோதனைகள் 39 லட்சத்தைத் தாண்டின. அதிபர் தேர்தல், நாடாளுமன்றக் கலவரம் எல்லாம் சேர்ந்து 2021 மார்ச்சில் அது 47 லட்சத்தை எட்டியது. தொடங்கி வைத்தது கிருமி. பிறகு ஒவ்வொரு செய்தியும் விறகு போட்டது.

வால்மார்ட் என்ன செய்தது என்று அரங்கில் ஒருவர் கேட்டார். அவர்கள் பல ஆண்டுகளாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி வந்தவர்கள். பெரும்பாலான மாநிலங்களில் கைத்துப்பாக்கி விற்பதை 1993-இலேயே நிறுத்தினார்கள். இராணுவப் பாணித் துப்பாக்கிகளை 2015-இல் விட்டார்கள். 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரில் அவர்களுடைய கடையிலேயே 23 பேர் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் கைவிட்டார்கள். 2020 அக்டோபர் இறுதியில் கலவர பயத்தில் துப்பாக்கிகளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள். மறுநாளே திரும்ப வெளியே வைத்துவிட்டார்கள். ஆகவே மார்ச் மாதக் கூட்டத்தில் கைத்துப்பாக்கி தேடியவர்கள் போனது பெரும்பாலும் ஊர்த் தெருக்களில் உள்ள சிறு கடைகளுக்குத்தான்.

நிகழ்ச்சி முடிந்து ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத் தொலைபேசியில் அதே சுங்கை சிப்புட் ஐயா மறுபடி அழைத்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தேன். "இன்னொன்னு கேக்க மறந்துட்டேன் தங்கச்சி. நாம வாங்கின அரிசிய சாப்பிட்டுத் தீர்த்துட்டோம். அவங்க வாங்கின துப்பாக்கி என்ன ஆச்சு?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று மேடையில் அமர்ந்திருந்த எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அத்தியாவசியமா இல்லையா என்ற வாதம் சில வாரங்களுக்கானது. ரொட்டி மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். முகக்கவரி காலாவதியாகும். துப்பாக்கி அப்படியல்ல. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் பேரன் காலத்துக்கும் சுடும்.

முன்பு நான் சொன்ன ஆய்வு இதற்கும் கணக்குப் போட்டது. அந்த 75 லட்சம் பேரில் 54 லட்சம் பேரின் வீடுகளில் அதற்கு முன் துப்பாக்கியே இருந்ததில்லை. வாங்கியவர்களைத் தவிர அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். அதில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் பிள்ளைகள். பள்ளி மூடி, நாள் முழுக்க வீட்டிலேயே இருந்த பிள்ளைகள்.

2019-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 39,707 பேர். 2020-இல் 45,222. அடுத்த ஆண்டு 48,830. 2023-இல்கூட 46,728. கொலைகள் கூடியதற்கும் கடைகளில் கூடிய விற்பனைக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அந்த ஆண்டில் வேலையிழப்பு, பள்ளி மூடல், போலீஸ் மீது நம்பிக்கையிழப்பு என்று எல்லாமே ஒன்றாக நடந்தன. அதனால் கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியாது. ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2020-இல் இறந்த அந்த 45,222 பேரில் 24,292 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். திருடனுக்காக வாங்கி வைக்கும் ஆயுதம் அதிகம் எடுப்பது வாங்கிய வீட்டு உயிரைத்தான்.

கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் மக்களின் பதிவுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020 ஜூன் மாதம் வெளியானது. ஊரடங்குக்கு முன் தொடங்கிய வேலை. வெளிவந்த நேரம்தான் அப்படி அமைந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து, வைத்திராதவர்களை விட சுமார் 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. வாங்கிய முதல் சில வாரங்களில் ஆபத்து மிக அதிகம். ஆனால் இப்படி இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாங்கி ஓராண்டுக்குப் பிறகே இறந்திருக்கிறார்கள். அதாவது வாங்கிய நாளின் மனநிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். வேறொரு துக்கம் வேறொரு நாளில் வருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கிறது.

துப்பாக்கிக் கடைக்காரர்களிலேயே இதை உணர்ந்தவர்கள் உண்டு என்பதை நான் ஐயாவிடம் சொன்னேன். 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் தங்களைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் அதோடு விட்டுவிடவில்லை. பொதுச் சுகாதார ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, மனமுடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மறுப்பது என்று மற்றக் கடைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. கொலராடோ உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரு வரைபடம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது மனநிலை சரியில்லை என்றால் துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்கு எங்கே ஒப்படைக்கலாம் என்று அதில் குறித்திருக்கிறார்கள். அந்த இடங்களில் போலீஸ் நிலையங்களும் உண்டு, துப்பாக்கிக் கடைகளும் உண்டு.

"வித்த கடையிலயே திரும்பக் கொண்டு போய் வைக்கிறதா?" என்று கேட்டார் ஐயா.

ஆமாம், அதே கடைதான் என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படீன்னா அந்தக் கடைய மூடாம இருந்ததுல ஒரு நல்லதும் இருக்கு போல" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.